ஷாட்கன் தோட்டாவை எதில் சுமப்பது? பெல்ட், பை, பவுச், பாக்கெட்: எது எதற்கு ஆகும்

இங்கிலாந்தில் புதிதாக ஷாட்கன் சர்ட்டிஃபிகேட் (போலீஸ் தருகிற உரிமம்) வாங்குகிறவர்கள் எந்தத் துப்பாக்கி, எத்தனை அங்குலக் குழல், எந்தச் சோக் (குழல் முனையின் குறுகல்) என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். தோட்டாவை எதில் வைத்துக்கொண்டு போவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முதல் நாள் ஜீன்ஸ் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு வருவார்கள், அடுத்த வாரம் கடையில் கண்ணில் பட்ட தோல் பெல்ட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். பெல்ட் பார்க்க அழகுதான். ஆனால் க்ளே மைதானத்தில், அதாவது வானில் எறிகிற தட்டுகளைச் சுடுகிற இடத்தில், ஸ்டாண்டுக்குள் நின்றுகொண்டு, குனிந்து இடுப்பைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்கிற குழு முழுக்கக் காத்திருக்க வேண்டியதாகிவிடும்.

இந்த ஊரில் விற்கிற பெல்ட், பை, பவுச், வெஸ்ட் எல்லாவற்றையும் பல சீசனாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண் வானத்தில் இருக்கும்போது கை தானாகப் போய் எடுக்கிற இடத்தில் தோட்டா இருக்க வேண்டும். குனிந்து பார்க்க வைக்கிற எந்தச் சாமானும், எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும், எனக்கு ஆகாது. நின்று சுடுகிறவருக்கும் நடந்து சுடுகிறவருக்கும் புறாவுக்காக மறைவில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் அந்த இடம் வேறு வேறு, அதனால் சாமானும் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே பையை வாங்கி ஒப்பேற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, அந்தக் காசை இரண்டு மலிவான சாமானாகப் பிரித்துப் போடுங்கள் என்பதுதான்.

எடையை யோசித்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. 28 கிராம் ஈயம் நிரப்பிய 12 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு) தோட்டா ஒன்று நாற்பது கிராம் சொச்சம் இருக்கும். பெட்டிக்கு 25, ஆக ஒரு பெட்டியே ஒரு கிலோவுக்கு மேல். நூறு தட்டு சுடுகிற ஸ்போர்ட்டிங் போட்டி என்றால் நான்கு கிலோவைத் தாண்டும். 250 அடங்கிய ஸ்லாப் பத்து கிலோவுக்கு மேல் போகும், அதை கார் நிறுத்தும் இடத்திலிருந்து வயல் ஓரம் வரை தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த எடை உடம்பில் எங்கே தொங்குகிறது என்பதைப் பொறுத்துத் துப்பாக்கி தோளுக்கு வரும் விதமே மாறும். வலது பாக்கெட்டில் முப்பது தோட்டா போட்டால் கோட்டு ஒரு பக்கமாக இழுபட்டு, தோள் பக்கத்துத் துணி கீழே இறங்கி, அடிக்கட்டை (துப்பாக்கியைத் தோளில் வைக்கிற பகுதி) எப்போதும் உட்கார்கிற இடத்தில் உட்காராது. அப்புறம் தட்டு தப்பியதற்குச் சோக்கைக் குறை சொல்வார்கள்.

பாக்கெட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எல்லோரிடமும் இருக்கிறது, காசும் இல்லை. நல்ல ஷூட்டிங் கோட்டில் கீழ்ப் பாக்கெட் மடிப்பு வைத்து அகலமாக இருக்கும், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கும், மூடியை மேலே மடக்கி மாட்டி வைக்க ஒரு சின்ன பித்தளைப் பொத்தான் இருக்கும். அந்தப் பொத்தானைப் பலர் அலங்காரம் என்று நினைத்துவிடுகிறார்கள். அதுதான் அந்தக் கோட்டிலேயே பயனுள்ள சமாசாரம். மூடியை மடக்கி மாட்டிவிட்டால் பாக்கெட் வாய் திறந்தே நிற்கும், கையுறை போட்ட கையும் தடையில்லாமல் உள்ளே போகும். கோட்டு வாங்கப் போனால் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், மாட்டிய மூடி கையை உயர்த்தினாலும் கழன்று விழாமல் இருக்கிறதா என்று கடையிலேயே இரண்டு மூன்று தரம் துப்பாக்கி தூக்குகிற மாதிரி கையைத் தூக்கிப் பாருங்கள்.

பாக்கெட்டில் எட்டுப் பத்துக்கு மேல் வேண்டாம். தோட்டா இருக்கிற பாக்கெட்டில் வேறு எதுவுமே இருக்கக் கூடாது. கார் சாவி, சில்லறை, நாய்க்குப் போடுகிற பிஸ்கட், இருமல் மிட்டாய், எதுவும். பிஸ்கட் தூள் தோட்டாவோடு சேம்பருக்குள் (குழலில் தோட்டா உட்காரும் அறை) போய் ஒட்டிக்கொண்டால் அடுத்த தோட்டா முழுதாக உட்காராது, துப்பாக்கி மூடாது, பறவை போய்விடும். மண் போனால் இன்னும் மோசம். கீழே விழுந்து சேறு பட்ட தோட்டாவைத் துடைக்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கத்தில் நிற்கவே எனக்குப் பயம்.

க்ளே சுடுகிறவர்களுக்கு என் ஓட்டு பவுச்சுக்குத்தான். சந்தேகமே இல்லை. ட்ராப், ஸ்கீட் என்கிற க்ளே ஆட்டங்கள் எல்லாம் ஒரு சுற்றுக்கு 25 தட்டு. ஸ்கீட்டுக்கு ஒரு பெட்டி போதும். இங்கே பல க்ளப்பில் ஆடுகிற டி.டி.எல். (டவுன்-த-லைன்) வகை ட்ராப்பில் ஒரு தட்டுக்கு இரண்டு வெடி அனுமதி, அதனால் மோசமான நாளில் ஐம்பது வரை தேவைப்படும். இடுப்பு பெல்ட்டில் கோத்துக்கொள்கிற பவுச்சில் ஒரு பெட்டியை அட்டையோடு அப்படியே இறக்கி, மேல்மூடியைக் கிழித்துவிட்டால் 25 தோட்டாவும் ஒரே திசை பார்த்து வரிசையாக நிற்கும். கை போனதும் எது தலை எது அடி என்று விரலுக்குத் தெரியும். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் உதிரியாகக் கொட்டிய பையில் விரல் ஒவ்வொரு தடவையும் தோட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும், சுடுகிற தாளம் அங்கேதான் கெடும்.

நைலான் பவுச் மலிவு, மழைக்குக் கவலை இல்லை, எடையே தெரியாது. வாங்கும்போது வாய்ப் பக்கத்தை அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பட்டையோ கம்பியோ வைத்துத் தைத்திருந்தால் வாய் திறந்து நிற்கும். வெறும் துணியாக இருந்தால் பாதி காலியானதும் வாய் மடங்கிக் கொள்ளும், பிறகு இரண்டு கை வேண்டும் ஒரு தோட்டா எடுக்க. இரண்டாவது பார்க்க வேண்டியது பின்பக்கம் பெல்ட் நுழைகிற பட்டை. நான் வாங்கிய ஒன்றில் அந்தப் பட்டையை ஒற்றைத் தையலில் முடித்திருந்தார்கள். ஒரு சீசன் கூடத் தாங்கவில்லை, போட்டி நடுவில் ஒரு பக்கம் பிய்ந்து, பவுச் தொடையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பெட்டித் தையல் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரும்புக் கொக்கியில் மாட்டுகிற வகை எனக்குப் பிடிக்கவில்லை, நடக்கும்போது ஆடிக்கொண்டே இருக்கும்.

இரண்டு அறை உள்ள பவுச் கிடைத்தால் அதையே வாங்குங்கள். முன்னால் வெடிக்காதது, பின்னால் வெடித்த கூடு. காலிக் கூட்டைத் தரையில் போட்டுவிட்டுப் போவது சில மைதானங்களில் பரவாயில்லை, சில இடத்தில் ஆகாது. விவசாயி வயலில் என்றால் எங்கேயும் ஆகாது. பிளாஸ்டிக் கூடு மக்கவே மக்காது. குழலுக்குள் ஈயத்தைத் தள்ளுகிற வாட் கூட ஃபைபரில்தான் இருக்க வேண்டும் என்று பல மைதானங்களில் விதி வைத்திருக்கிறார்கள், அது மக்கிவிடும் என்பதற்காக. அப்படியிருக்க முழு நீளக் கூட்டை விட்டுவிட்டு வருவது நியாயமே இல்லை.

வெஸ்ட் என்பது இதே பவுச்சை இரண்டாக்கி உடம்பில் போட்டுக்கொள்வதுதான். பெரெட்டா, ப்ரௌனிங் வெஸ்ட்கள்தான் மைதானங்களில் அதிகம் கண்ணில் படும். முதுகு வலைத்துணி, தோளில் அடிக்கட்டை வழுக்காமல் இருக்க ஒரு பட்டை, முன்னால் இரண்டு பக்கமும் ஒரு பெட்டி தாங்குகிற பாக்கெட். எடை இரண்டு தோளிலும் சமமாக இறங்குவதால் நூறு தட்டு நாளுக்கு இதைவிட வசதி வேறு இல்லை. கோடையில் டீ-சர்ட்டுக்கு மேல் போட்டுப் பழகிவிட்டு, டிசம்பரில் தடித்த ஸ்வெட்டருக்கு மேல் அதையே இறுக்கிப் போட்டால் தோள் பக்கம் தடித்து, துப்பாக்கி நீளமாகிவிட்ட மாதிரி இருக்கும். ஒரு அளவு பெரிதாக, பக்கவாட்டில் இழுத்து இறுக்குகிற பட்டை உள்ளதாக எடுங்கள். இடது கைக்காரர்கள் தோள் பட்டை எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஆன்லைனில் வாங்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு இதில் வெஸ்டும் பவுச்சும் மட்டும்தான் பொருந்தும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே வேட்டை என்ற பேச்சே கிடையாது, ரேஞ்சில் தட்டு சுடுவதுதான். புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் ஆடினாரே, அந்த வகைப் போட்டியில் 24 கிராம் தோட்டா, தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு வெடி. ஐந்து நிலையங்களில் மாறி மாறி நடந்துகொண்டே சுடுகிற ஆட்டம் அது, அதனால் தோட்டா உடம்போடு வர வேண்டும், கீழே வைத்துவிட்டுப் போகிற பை அங்கே உதவாது.

இனி பெல்ட். க்ளே மைதானத்தில் நான் குறை சொன்ன அதே பெல்ட், நடந்து சுடுகிற இடத்தில் எனக்கு உயிர். வேலியோரமாக, புதர் ஓரமாக, ஸ்பேனியல் நாய் முன்னால் மோப்பம் பிடித்துக்கொண்டு போக, நாள் முழுக்க மேடும் பள்ளமுமாக நடந்து, எப்போதோ ஒரு ஃபெசன்ட் (கோழி இனக் காட்டுப் பறவை) எழும்பும்போது சுடுகிற ரஃப் ஷூட்டில் தோளில் பை தொங்கினால் ஒவ்வொரு வேலி தாண்டும்போதும் அது முன்னால் சுற்றிக்கொண்டு வரும். பெல்ட்டில் 25 தோட்டா இடுப்பைச் சுற்றிச் சமமாக உட்கார்ந்துகொண்டால் ஒரு கிலோ சுமக்கிறோம் என்பதே மறந்துபோகும். குதித்தாலும் குலுங்காது, சத்தமும் வராது.

பெல்ட்டைக் கட்டுகிற விதத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பேண்ட் வளையத்துக்குள் கோத்துக் கட்டக் கூடாது. அப்படிக் கட்டினால் பெல்ட் நகராது, முன்னால் இருக்கிற பத்து தீர்ந்ததும் முதுகுப் பக்கம் இருக்கிறவை எட்டாது. மேலே தனியாக, கொஞ்சம் தளர்வாகக் கட்டினால் முன்பக்கம் காலியாகக் காலியாக பெல்ட்டைச் சுற்றித் திருப்பிக்கொண்டே போகலாம். கோட்டுக்கு மேலே கட்டுவதா உள்ளே கட்டுவதா என்றால், மழையில்லாத நாளில் மேலே, மழை நாளில் உள்ளே. உள்ளே கட்டினால் எடுப்பது கஷ்டமாயிற்றே என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது, இந்த ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்: வலது பாக்கெட்டில் நாலைந்து தோட்டா எப்போதும் இருக்கும், சுடுவது அதிலிருந்து. நடை நின்று மூச்சு வாங்குகிற நேரத்தில் பெல்ட்டிலிருந்து எடுத்துப் பாக்கெட்டை நிரப்பிக்கொள்வார்கள். பெல்ட் கிடங்கு, பாக்கெட் கைச்செலவுக்கு. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் அவசரத்தில் பெல்ட்டைத் தடவ வேண்டியதே இல்லை, நான் மேலே சொன்ன கண் வானம், கை தோட்டா என்ற கணக்கும் சரியாக நடக்கும்.

வளையத்தில் இரண்டு வகை உண்டு. அடி திறந்த வளையத்தில் கீழிருந்து கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் தோட்டா மேலே எழும்பி வரும், பித்தளை விளிம்பைப் பிடித்து உருவிவிடலாம். அடி மூடிய வளையத்தில் மண் ஏறாது, தோட்டா வழுக்கிக் கீழே விழாது, ஆனால் தோல் புதிதாக இருக்கும்போது குளிரில் மரத்த விரலால் உருவுவது பெரும் பாடு. நான் திறந்ததைத்தான் சொல்வேன். புதுத் தோல் இறுக்கமாக இருக்கிறதே என்று எண்ணெயில் ஊற வைக்காதீர்கள். எண்ணெய் குடித்த வளையம் இளகி, அடுத்த வருஷம் ஒவ்வொரு பள்ளம் தாண்டும்போதும் தோட்டா தானாக உதிரும். வெடித்த காலிக் கூடுகளை வளையத்தில் செருகி இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள், போதும். வெடித்த கூடு கொஞ்சம் உப்பியிருப்பதால் தோலை அளவாகத் தளர்த்தும்.

உயிர்த் தோட்டாவை, அதாவது வெடிக்காததை, மட்டும் பெல்ட்டில் செருகி வைத்து அலமாரியில் தொங்கவிடாதீர்கள். தோல் பதனிடச் சேர்க்கிற மரப்பட்டைச் சாற்றின் புளிப்பும் ஈரமும் சேர்ந்து பித்தளையைத் தின்னும். சீசன் முடிந்து மறந்துபோய் வைத்த பெல்ட்டைக் கோடை கழித்து எடுத்துப் பாருங்கள், விளிம்பைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், விரலில் தேய்த்தால் மாவாக ஒட்டும். அதைத் துப்பாக்கியில் போட்டால் சேம்பரில் இறுகிக்கொள்ளும், எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளுகிற பாகம்) தள்ளினாலும் வராது. வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைக் காலி செய்து, ஈரமாக இருந்தால் ஹீட்டர் பக்கம் போகாமல் காற்றில் தொங்கவிடுங்கள். சூட்டில் காய்ந்த தோல் வளையம் மடிப்பில் வெடிக்கும். தோட்டா திரும்ப அட்டைப் பெட்டிக்கே போகட்டும், பூட்டுகிற அலமாரியில்.

தோலுக்குப் பதில் நைலான், நியோப்ரீன் பெல்ட்டும் வருகிறது. களிம்பு தொல்லை இல்லை, விலையும் குறைவு. ரப்பர் நாடா வளையம் வைத்தது மட்டும் வேண்டாம், நாடா தொய்ந்துவிடும்.

பையின் இடம் பெக். ட்ரிவன் ஷூட்டில் வரிசையாக நட்ட குச்சிகளில் உங்கள் எண்ணுக்கு எதிரே நின்றுகொள்ள வேண்டும், காட்டுக்குள்ளிருந்து ஆட்கள் பறவையை உங்களை நோக்கி ஓட்டி வருவார்கள். ஒரு ட்ரைவ் முடிந்ததும் துப்பாக்கியைக் காலி செய்து உறையில் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடை. நின்ற இடத்திலேயே நிற்பதால் எடை பிரச்சினை இல்லை, ஆனால் பறவை திடீரென்று கூட்டமாக வரும், அந்த அரை நிமிஷத்துக்குள் எத்தனை தரம் நிரப்ப முடிகிறது என்பதுதான் கணக்கு. இதற்காகவே பிறந்தது பெய்ன்-கால்வே பை. சர் ரால்ஃப் பெய்ன்-கால்வே 1848-ல் பிறந்து 1916-ல் இறந்த ஆங்கிலேய வேட்டைக்காரர், வாய் அகலமாகத் திறந்து நிற்கிற இந்த மாதிரிப் பைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மூடியைத் திறந்து பின்னால் தள்ளிவிட்டால் உள்ளே இருக்கிறதெல்லாம் ஒரே பார்வையில், ஒரே கைக்கு எட்டும். பார்க்காமல் கையை விட்டாலும் விளிம்பில் இடிக்காது.

கான்வாஸும் தோலும் கலந்த பை, முழுத் தோல் பை என்று 75, 100, 150 தோட்டா கொள்ளளவுகளில் வரும். நூறு போதும். 150 வாங்கினால் நிரப்பாமல் இருக்க மனம் வராது, நிரப்பினால் ஆறு கிலோவுக்கு மேல், பெக்கிலிருந்து பெக்குக்கு உழுத வயலில் நடந்தால் தோள்பட்டை பட்டையில் அறுந்து போகும். அகலமான கித்தான் பட்டை, உள்ளே வழவழப்பான துணியுறை, அடித்தட்டு உறுதியாக இருப்பது, இந்த மூன்றையும் பாருங்கள். அடித்தட்டு தொளதொளவென்றிருந்தால் தரையில் வைத்ததும் பை சாய்ந்துவிடும், வாய் அகலமாக இருந்து என்ன பயன். 1887-ல் பர்மிங்ஹாமில் தொடங்கிய ப்ரேடி மாதிரிப் பழைய கம்பெனிகளின் பையை ஏலத்தில் பழசாக வாங்கினாலும் தவறில்லை, பித்தளைக் கொக்கியும் பட்டைத் தையலும் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் சரி. பை தோளில் தொங்கும்போது சுடாதீர்கள், பட்டை அடிக்கட்டைக்குக் குறுக்கே வரும். காலடியில், வலது காலுக்கு முன்னால், வாய் திறந்து வையுங்கள். மழையென்றால் மூடியைச் சார்த்திவிட்டுப் பாக்கெட்டிலிருந்து சுடுங்கள்.

பழைய காலத்து மரப் பெட்டி, தோல் பெட்டி மேகசின்கள், நூற்றுக்கணக்கில் தோட்டா பிடிக்கிறவை, ஏலத்தில் வருகின்றன. அவை இரண்டு துப்பாக்கியும், நிரப்பித் தர ஓர் ஆளும் வைத்துச் சுட்டவர்களுக்கு. இன்றைக்குக் காரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால் வாங்குங்கள்.

புறாவுக்கு மறைவில் உட்காருகிறவர்கள் பெல்ட்டுக்கும் பைக்கும் காசு செலவழிக்கவே வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்று போதும். ஸ்லாப்பைப் பிரித்து அதில் அடுக்கினால் ஈரத் தரையில் அட்டை நைந்து போகாது, மூடி மேல் உட்காரலாம், காலிக் கூட்டையும் திரும்பும்போது அதிலேயே போட்டுக்கொண்டு வரலாம். கடையில் விற்கிற புறா வேட்டைப் பைகளில் இருபது பாக்கெட் இருக்கும், எதில் என்ன வைத்தோம் என்று தேடுவதற்குள் காட்டுப்புறா டிகாய் (ஏமாற்ற வைக்கிற பொய்ப்புறா) மேல் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடும்.

கடலோரச் சேற்றில் வாத்துக்குப் போகிறவர்களுக்குத் தனிக் கணக்கு. இங்கிலாந்தில் 1999 சட்டத்திலிருந்து காட்டு வாத்துக்கும் கடற்கரைச் சதுப்பிலும் ஈயம் கூடாது, ஸ்டீல் அல்லது பிஸ்மத் போன்றவைதான். வயலில் புறாவுக்கு வைத்திருந்த ஈயத் தோட்டா ஒன்றிரண்டு பாக்கெட் மடிப்பில் ஒளிந்திருந்து சதுப்பில் கைக்கு வந்து சுட்டுவிட்டால் அது சட்டமீறல், தெரியாமல் நடந்தது என்று யாரிடம் சொல்வது? அதனால் வாத்துக்கென்றே ஒரு தனிப் பவுச், தண்ணீர் புகாத மடிப்பு வாய் உள்ளதாக, அதில் ஸ்டீல் தவிர வேறு எதுவும் என்றைக்கும் நுழையக் கூடாது. உப்புத் தண்ணீர் பட்டால் பல தோட்டாக்களின் அடிப்பாகம் ஓரிரு நாளில் துருப்பிடிக்கும், ஏனென்றால் அது பித்தளை முலாம் பூசிய இரும்புதான். அன்றைக்கே துடையுங்கள்.

தனிப் பவுச் என்பதை இதைவிடப் பல மடங்கு அழுத்தமாகச் சொல்ல வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. வீட்டில் 12 போரும் 20 போரும் இரண்டும் இருந்தால், இரண்டுக்கும் ஒரே பை, ஒரே பெல்ட், ஒரே கோட்டுப் பாக்கெட் என்ற பேச்சுக்கே இடமில்லை. 20 போர் தோட்டாவின் விளிம்பு ஏறத்தாழ பத்தொன்பதரை மில்லிமீட்டர். 12 போரின் சேம்பர் அதைவிடப் பெரிது, இருபது மில்லிமீட்டருக்கு மேல். அதனால் விளிம்பு பிடிக்காமல் தோட்டா உள்ளே வழுக்கிப் போய்விடும். ஆனால் சேம்பரைத் தாண்டி குழல் பதினெட்டரையாகக் குறுகுகிறது, அங்கே போய் விளிம்பு சிக்கி நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் சேம்பர் காலி. போடவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டு மூடிச் சுட்டால், முன்னால் அடைத்துக்கொண்டிருக்கிற உயிர்த் தோட்டா மேல் அழுத்தம் முழுக்கப் போய் மோதும், முன்னால் இருக்கிற கை குழலைப் பிடித்திருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே குழல் வெடிக்கும். விரல் போனவர்கள் இருக்கிறார்கள். 20 போர் கூடுகளை மஞ்சள் நிறத்தில் செய்கிற வழக்கம் இதற்காகத்தான், ஆனால் அந்தி வெளிச்சத்தில் கையுறைக்குள் நிறம் என்ன செய்யும்? மகனுக்கோ மகளுக்கோ 20 போர் வாங்கிக் கொடுத்துவிட்டு, "என் பையிலேயே இருக்கட்டும்ப்பா, நீ எதுக்குச் சுமக்கிறே" என்று பாசத்தில் சொல்கிற அப்பாக்களை மைதானத்தில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பிள்ளைக்கென்று ஒரு பவுச் வாங்கிக் கொடுங்கள், அதை அவர்களே சுமக்கட்டும், ஒரு பெட்டித் தோட்டா ஒன்றும் அவர்களுக்குப் பாரமில்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லாப் பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காலி செய்யுங்கள். ஒரு தோட்டா போட்டு வெடிக்காமல், சத்தம் வராமல் போனால் அடுத்ததைப் போடுவதற்கு முன்னால் குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

பாக்கெட்டைக் காலி செய்வதற்கு நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கான்வாஸ் தோட்டாப் பை பார்க்க அழகான கைப்பை, ஷூட்டிங் வெஸ்ட் குளிருக்கு நல்ல உடுப்பு. ஊருக்குப் போகும்போது அதையே எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. தையல் மடிப்பில் ஒளிந்திருந்த ஒற்றைத் தோட்டாவோடு இந்திய விமான நிலையங்களில் பிடிபடுகிறவர்கள் செய்தியில் அடிக்கடி வருகிறார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது குற்றம். தெரியாமல் இருந்துவிட்டது என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பதற்குள் லீவு முடிந்துவிடும். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு இன்னும் கடுமை. தோட்டாப் பை தோட்டாவுக்கு மட்டும், அது எந்த விமானத்திலும் ஏறக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் அவை கார் டிக்கிக்கும் அலமாரிக்கும் நடுவில்தான் நடமாடும்.

செமி-ஆட்டோவில் நாலு நாலாக நிரப்புகிற ப்ராக்டிகல் ஷாட்கன் போட்டிக்காரர்கள் மார்பிலும் இடுப்பிலும் கட்டிக்கொள்கிற அலுமினியக் கிளிப்புகள் வேறு உலகம், அந்தத் துப்பாக்கிகளுக்கு இங்கே ஷாட்கன் சர்ட்டிஃபிகேட் போதாது, ஃபயர்ஆர்ம் சர்ட்டிஃபிகேட் வேண்டும். சாதாரணச் சர்ட்டிஃபிகேட்டில் துப்பாக்கியின் மேகசினில் இரண்டும் சேம்பரில் ஒன்றும்தான்.

இப்போதுதான் ஆரம்பிக்கிறீர்கள், க்ளே மட்டும்தான் என்றால் இரண்டு அறை நைலான் பவுச், பெட்டித் தையல் போட்டது, அவ்வளவுதான் தேவை. வருஷம் முழுக்க ஸ்போர்ட்டிங் ஆடுவேன் என்று தெரிந்த பிறகு வெஸ்ட். நடந்து சுடுகிற வாய்ப்பு கிடைத்தால் அன்றைக்குத் தோல் பெல்ட், அடி திறந்த வளையம், உங்கள் போருக்கு உரிய அளவு. கடைக்குப் போகும்போது நீங்கள் சுடப் போட்டுக்கொள்கிற கோட்டையும் கையுறையையும் கொண்டுபோங்கள். தோட்டா வாங்கச் சர்ட்டிஃபிகேட்டைக் காட்டத்தான் போகிறீர்கள், ஒரு பெட்டியை முதலில் வாங்கிக்கொண்டு, பெல்ட்டிலோ பையிலோ நாலைந்தைச் செருகிப் பார்க்கலாமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். நல்ல துப்பாக்கிக் கடைக்காரர் மறுக்க மாட்டார், பயிற்சிக்கான வெற்றுத் தோட்டாவாவது எடுத்துத் தருவார். அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டே, குனியாமல், இரண்டு தோட்டா எடுத்துப் பாருங்கள். கை தடுமாறினால் அந்தச் சாமானைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.